வெட்டாமல் நிறுக்கும் வித்தை

உலகத்துப் பொருள்களையெல்லாம் அளந்தறிய விழைதல் மக்களின் இயல்பு. நெல்லை மரக்காலாலும், பொன்னைத் துலாக்கோலாலும், நிலத்தைச் சங்கிலியாலும், காலத்தைக் கடிகாரத்தாலும் அளந்தறிந்த மனிதன், தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் மரத்தின் நிறை எவ்வளவு என்று வினவப்படின் விடை கூறமாட்டாது விழிக்கின்றான். மரம் நிலத்தைப் பற்றி நிற்பது. தராசுத் தட்டில் ஏற மறுப்பது. அதனை நிறுக்கவேண்டின் முதலில் வீழ்த்தவேண்டும்; வீழ்த்திய பின்னரோ மரம் இல்லை, விறகே உண்டு. இவ்விடர்ப்பாட்டை நீக்குதற்பொருட்டு இக்காலத்து விஞ்ஞானிகள் ஒளியையே நிறைகோலாகக் கொண்டு செய்துவரும் முயற்சியைப் பற்றியும், அதனால் நமக்கு நேரும் கடமைகளைப் பற்றியும் எம் கருத்தை இங்கு எழுதத் துணிகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன் அடித்த பெருங்காற்றில் எம் கலாசாலை வளவில் நின்ற முதிய புளியமரமொன்று வேரொடு சாய்ந்தது. அதனை விலைக்குக் கொள்ள வந்த விறகு வியாபாரிகள் மூவர், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தத்தம் கண்மதிப்பாக ஒருவர் ஐந்து டன் என்றும், ஒருவர் ஏழு டன் என்றும், ஒருவர் ஒன்பது டன் என்றும் கூறினர். பின்னர் அறுத்து ஏற்றிய வண்டிகளை எடைமேடையில் நிறுத்திக் கூட்டியபோது பன்னிரண்டு டன்னுக்கு மேற்பட்டது. விலையைக் குறைக்கும்பொருட்டுக் குறைத்துச் சொன்னார்களோ என்று யாம் முதலில் ஐயுற்றோம். ஆயின் அவருள் மூத்தவர் சிறிதும் நாணாமல் கூறியது இது: “ஐயா, சின்ன மரத்தில் எங்கள் கண் தப்பாது, பெரிய மரத்தில் கண் எட்டாது. இத்தனை பெரிய மரத்தை நான் என் ஆயுளில் இரண்டு மூன்றுதானே அறுத்திருக்கிறேன்?” அன்று அதனை ஒரு சாமர்த்தியமான விடையென்று நகைத்து விட்டுவிட்டோம். உலகத்துப் பெருங்காடுகளின் கணக்குகளிலெல்லாம் இப்பிழையே மறைந்து கிடக்கின்றது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மரத்தின் நிறையை அறிந்து ஆவதென்னை என்று கேட்பார் உளராயின் அவர்க்குக் கூறுவோம். மரம் தன் உடலை மண்ணிலிருந்து மட்டும் ஆக்கிக்கொள்வதன்று. காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைகளின் வழியே உட்கொண்டு, சூரியவொளியின் துணையால் அதனைச் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையினின்று தண்டும் கிளையும் வேரும் சமைத்துக்கொள்கின்றது. நீர் முழுதும் வற்றிய பின் எஞ்சும் உலர்ந்த பொருளின் நிறையையே மரத்தின் உயிர்த்திரள் என்பர். இதில் ஏறக்குறையச் சரிபாதி கரி. எனவே இரண்டு டன் உயிர்த்திரளுடைய மரமொன்று காற்றினின்று ஏறத்தாழ ஒரு டன் கரியை எடுத்துத் தன்னுள் அடக்கிவைத்திருக்கின்றது என்பது பொருள். கரியமிலவாயு காற்றில் மிகுதலால் புவியின் வெப்பம் ஏறிவரும் இந்நாளில் இக்கணக்கு வெறும் வேடிக்கைக் கணக்கன்று. 2015ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தேசங்கள் தாம் காற்றில் விடும் வாயுவையும் தம் காடுகள் உள்வாங்கும் வாயுவையும் காலந்தோறும் கணக்கிட்டுச் சொல்லக் கடமைப்பட்டுள்ளன. காட்டைக் காத்தோர்க்குப் பொருள் அளிக்கும் ஏற்பாடுகளும் இக்கணக்கையே ஆதாரமாகக் கொண்டவை. கணக்குப் பிழைத்தால் நீதியும் பிழைக்கும்.

இதுகாறும் இக்கணக்கு எவ்வாறு செய்யப்பட்டு வந்தது? ஆராய்ச்சியாளர் காட்டிற் புகுந்து, சில மரங்களை வெட்டி வீழ்த்தி, தண்டு, கிளை, சுள்ளி, இலை எனப் பிரித்து நிறுத்து, ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து உலையில் உலர்த்தி, நீர் போக எஞ்சுவது இவ்வளவு என்று கண்டனர். பின்னர், நிலத்தினின்று 1.3 மீட்டர் உயரத்தில் (நம் நாட்டு வனத்துறை வழக்கில் 1.37 மீட்டர்) அம்மரங்களுக்கிருந்த விட்டத்தையும், அவற்றின் உயரத்தையும், கட்டையின் அடர்த்தியையும் நிறையோடு இணைத்து ஒரு கணித சூத்திரம் இயற்றினர். அதன் பின் வெட்டவேண்டுவதில்லை. மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி விட்டத்தை அறிந்து சூத்திரத்திற் பெய்தால் நிறை விடையாக வரும். இவ்வகைச் சூத்திரங்களுள் பெயர்பெற்ற ஒன்றைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஜெரோம் ஷாவ் என்பாரும் அவர் துணைவரும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெப்பமண்டலத்தில் 58 இடங்களில் வெட்டி நிறுக்கப்பட்ட 4,004 மரங்கள் அதற்கு ஆதாரம். பல்லாண்டு பலர் பட்ட உழைப்பின் பயன் அது. அதனை யாம் இகழோம்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பெண்டிர் கண்ட உண்மை. ஆனால் அந்தச் சோறு அந்தப் பானையிலிருந்தே எடுக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். அண்டை வீட்டுச் சிறுகலயத்திற் பதம் பார்த்து விருந்துக்குரிய அண்டாவை இறக்குவார் எவரும் இலர். சூத்திரங்களின் நிலையோ அத்தகையது. சிறு மரத்தை வெட்டி நிறுத்தல் ஓரிரு ஆட்களால் ஒருநாளில் முடியும். நாற்பது மீட்டர் உயர்ந்த பெருமரத்தை வெட்டி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக அறுத்து, ஒன்றும் விடாது நிறுத்தலோ பலர் பலநாள் உழைத்தாலன்றி முடியாது. ஆகவே நிறுக்கப்பட்ட மரங்களுட் பெரும்பாலன சிறியன. பெரியன மிகச் சில. சிறியவற்றினின்று கண்ட விதியைப் பெரியவற்றின்மேல் நீட்டிச் சொல்லுகின்றோம். எம் விறகு வியாபாரி கூறியது இதனையே.

இஃது ஒரு சிறு குறை என்று தள்ளுதற்குரியதன்று. உலகின் பல பாகங்களிலும் அமைந்த 48 காட்டுத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, நிலத்தின்மேலுள்ள உயிர்த்திரளில் ஏறக்குறையப் பாதியை நூற்றில் ஒன்றாகிய மிகப் பெரிய மரங்களே தாங்கி நிற்கின்றன. நூறு பேர் வாழும் ஊரில் பாதிச் செல்வம் ஒருவர் கையிலிருக்க, அவ்வொருவர் சொத்தை மட்டும் குத்துமதிப்பாக எழுதிவிட்டு, ஏனைத் தொண்ணூற்றொன்பதின்மர் சொத்தைக் காசு பிசகாமல் கணக்கிட்டால் அவ்வூர்க் கணக்கு எத்தகையதாகும்? காட்டுக் கணக்கும் அவ்வாறே ஆயிற்று.

நிற்க. ஒளியால் நிறுக்கும் முறையை இனி விளக்குவோம். லேஸர் என்பது ஒரே நிறத்ததாய், பெரிதும் விரியாது, ஊசிபோல் நேரே செல்லும் ஒளிக்கற்றை. 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் என்னும் அமெரிக்கர் செயற்கை மாணிக்கக் கல்லொன்றைக் கொண்டு இதனை முதன்முதல் தோற்றுவித்தார். மூன்றுகாற் சட்டத்தின்மேல் ஒரு கருவியை நிறுத்தி, அதனின்று இவ்வொளியைச் சிறு சிறு துடிப்புகளாக விடுகின்றனர். துடிப்பு மரத்தின்மேற் பட்டுத் திரும்புகின்றது. ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது; ஆதலின் போய்வர எடுத்த காலத்தை அறிந்தால் மரத்தின் தூரம் விளங்கும். முப்பது மீட்டர் தொலைவிலுள்ள கிளைக்குச் சென்று மீள ஒளிக்கு வேண்டும் காலம் ஒரு விநாடியில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டையும் பிரித்தறியவேண்டின் ஒரு விநாடியை 1,500 கோடிக் கூறாக்கி அதில் ஒரு கூற்றை உணரவல்ல கடிகாரம் வேண்டும். மனிதன் அதனையும் செய்து முடித்தான் என்பது வியக்கத்தக்கது.

கருவி மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுழன்று, ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகளை விடுகின்றது. ஒவ்வொரு துடிப்பும் பட்ட இடம் ஒரு புள்ளியாகப் பதிகின்றது. ஒரு மரத்தின் முகத்தைக் கண்டவர் முதுகைக் காணார். ஆதலின் கருவியை மரத்தைச் சுற்றிப் பல இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தி எடுத்த புள்ளிகளையெல்லாம் ஒன்று சேர்க்கின்றனர். அப்போது பனிமூட்டத்தில் தோன்றும் உருவம்போல் மரத்தின் முழுவடிவமும் கணிப்பொறியின் திரையில் தோன்றும். அடிமரத்தின் வளைவும், கிளைகளின் கவையும், சுள்ளிகளின் நெளிவும் அதிற் காணலாம். இப்புள்ளித்திரளினின்று மரத்தின் கன அளவைக் காணும் வழியொன்றைப் பின்லாந்து தேசத்துத் தாம்பெரே நகரத்துக் கணித அறிஞர் பாசி ரௌமோனென் என்பாரும் அவர் துணைவரும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் கருத்து எளியது. மூங்கிற்குழாய்த் துண்டுகளைப் பெரியதும் சிறியதுமாக ஒன்றோடொன்று பொருத்தி ஒரு மரம் செய்வதுபோல, அடிமரம் முதல் நுனிக்கிளை வரை உருளைகளைப் புள்ளிகளின்மேற் பொருத்துகின்றனர். உருளையின் கன அளவைக் காணல் நம் பள்ளிச் சிறுவரும் அறிந்த கணக்கு. எல்லா உருளைகளின் கன அளவையும் கூட்டி, கட்டையின் அடர்த்தியாற் பெருக்கினால் மரத்தின் நிறை கிடைக்கும். ஒரு கோடரியும் ஓங்கவில்லை. ஒரு பறவைக்கூடும் கலையவில்லை.

புதிய நிறைகோலைப் பழைய நிறைகோலோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி நம்பலாகாது. ஆஸ்திரேலியாவிலுள்ள விக்டோரியா மாகாணத்தில் 65 யூக்கலிப்டஸ் மரங்களை முதலில் லேஸரால் அளந்து, பின்னர் வெட்டி நிறுத்து, கிம் கால்டர்ஸ் என்பாரும் அவர் துணைவரும் 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மெய்யான மொத்த நிறையினும் லேஸர்க் கணக்கு நூற்றுக்கு ஏறக்குறையப் பத்து மிகுந்திருந்தது. சூத்திரக் கணக்குகளோ நூற்றுக்கு முப்பது முதல் முப்பத்தேழு வரை குறைந்திருந்தன. பெரு, கயானா, இந்தோனேஷியா ஆகிய மூன்று தேசங்களில் 29 பெருமரங்களை இவ்வாறே அளந்து வெட்டி நிறுத்தவர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்தது: சூத்திரத்தினும் ஒளியே மெய்க்கு அணித்தாயிருந்தது.

இம்முறையை ஒரு முழுக்காட்டின்மேற் செலுத்திய கதையைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு அருகே வைத்தம் என்னும் காடு உண்டு. 1940களிலிருந்து அது ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பாதுகாப்பில் இருப்பது. 1947ஆம் ஆண்டு முதல் அங்குள்ள சிறு பறவையினமொன்றை இடைவிடாது ஆராய்ந்து வருகின்றனர் என்றால், அக்காட்டை அறிஞர் எத்துணை நுணுக்கமாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும். உலகில் இதனினும் நன்கு ஆராயப்பட்ட காடுகள் சிலவே. அத்தகைய காட்டில் 1.4 ஹெக்டேர் நிலத்தில் நின்ற 815 மரங்களை, இலையுதிர்ந்த குளிர்காலத்தில், கால்டர்ஸும் மத்தையாஸ் டிஸ்னியும் அவர் துணைவரும் லேஸரால் அளந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 410 டன் என்பது அவர் கண்ட கணக்கு. வழக்கிலிருந்த சூத்திரம் கூறியதினும் இது 1.77 மடங்கு. கண்ணெதிரே நின்று, ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, பல தலைமுறை மாணாக்கர் உலாவிய காட்டின் நிறையிற் பாதிக்குச் சற்று மிகுந்ததே ஏட்டில் இருந்தது! காரணமும் அவர் கூறினர்: அச்சூத்திரம் சிறிய மரங்களினின்று பிறந்தது, பருத்த மரங்களிடத்து அது தோற்றது.

இதற்கு மேலான சான்று அமெரிக்காவிற் கலிபோர்னியா மாகாணத்துச் செம்மரக் காடுகளிற் கிடைத்தது. அங்கே கர்னல் ஆம்ஸ்ட்ராங் என்னும் பெயரால் வழங்கும் மரமொன்று 88 மீட்டர் உயரமுடையது. அதன் அகவை ஆயிரத்து நானூறு ஆண்டு என்பர். நிறையறியும்பொருட்டு அதனை வெட்டவேண்டுமென்று எவரேனும் சொல்வாராயின் அவரை அறிவுடையார் என்னோம். டிஸ்னியும் அவர் துணைவரும் லேஸரால் அளந்து, அதன் உலர்ந்த நிறை ஏறத்தாழ 110 டன் என்று 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பகுதிச் செம்மரங்களின் நிறை முன்னைய மதிப்பினும் நூற்றுக்கு முப்பது வரை மிகுந்திருத்தலையும் கண்டனர். வெட்டுதற்கொண்ணாத மரத்தை நிறுத்தற்கு ஒளியன்றி வேறு கருவி இல்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். வானத்திலிருந்தே காடுகளை அளக்கும் செயற்கைக்கோள்கள் வந்துவிட்ட பின், மூன்றுகாற் சட்டத்தைச் சுமந்து மரத்துக்கு மரம் திரிவது எதற்கு? 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய லேஸர்க் கருவியும், 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பியர் செலுத்திய ‘பயோமாஸ்’ என்னும் செயற்கைக்கோளும், அதே ஆண்டு ஜூலையில் நம் ஸ்ரீஹரிகோட்டாவினின்று இந்தியரும் அமெரிக்கரும் கூடிச் செலுத்திய ‘நிஸார்’ என்னும் செயற்கைக்கோளும் காடுகளின் உயிர்த்திரளை அறியும் நோக்கமும் உடையன. மெய்யே. ஆயின் செயற்கைக்கோள் மரத்தை நிறுப்பதன்று. அது காட்டின் உயரத்தையோ, காட்டினின்று திரும்பும் ரேடியோ அலைகளையோ காண்கின்றது. அவ்வலை இவ்வளவாயின் நிறை இவ்வளவு என்று பொருத்திச் சொல்லுதற்கு நிலத்தில் அளந்த கணக்கு வேண்டும். அந்நிலக்கணக்கோ பெரும்பாலும் பழைய சூத்திரங்களாற் செய்யப்படுவது. அடிக்கோல் கோணியதாயின் அதனைக் கொண்டு எடுத்த மாளிகை முழுதும் கோணும். ஆதலின் விண்ணிலுள்ள கண் கூர்மையாகுந்தோறும் மண்ணிலுள்ள அளவை திருத்தமாதல் மேன்மேலும் இன்றியமையாததாகின்றது.

இனி, இம்முறையின் குறைகளையும் நடுவுநிலையோடு எடுத்துரைத்தல் எம் கடன். முதலாவது, ஒளி காட்டுவது கன அளவையேயன்றி நிறையையன்று. நீரில் மிதக்கும் இலவின் கட்டையும், நீரில் மூழ்கும் கருங்காலிக் கட்டையும் ஒரே அளவினவாயின் லேஸருக்கு ஒன்றே. அடர்த்தியை அறிய மரவினத்தை அறிந்த கண்ணும், கட்டையிற் சிறிது துளைத்தெடுத்து நிறுக்கும் கையும் வேண்டும். இரண்டாவது, ஒளி தோலைக் காணுமேயன்றி உள்ளே காணாது. முதிய மரங்கள் பலவற்றின் வயிறு பொந்தாயிருக்கும். அதனை முழுக்கட்டையென்று எண்ணின் கணக்கு மிகும். மூன்றாவது, மெல்லிய சுள்ளிகளிடத்து ஒளிக்கற்றை சுள்ளியினும் பருத்துவிடுதலால் அவை மெய்யளவினும் தடித்துத் தோன்றும். காற்றடிக்குங்கால் அசையும் கிளைகள் இரட்டித்துத் தோன்றும். அடர்ந்த தழை பின்னுள்ள கிளைகளை மறைக்கும். வைத்தம் காட்டில் குளிர்காலத்தைத் தேர்ந்தது இதன்பொருட்டே. என்றும் தழைத்திருக்கும் நம் போன்ற வெப்ப நாட்டுக் காடுகளுக்கு அவ்வசதி இல்லை. நான்காவது, மண்ணுள் மறைந்த வேரை ஒளி அறியாது. அதுவோ பொதுவாக மேற்பாகத்தின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இருப்பது. இறுதியாக, நல்ல கருவியின் விலை பல லட்சம் ரூபாய். ஏழை நாட்டுக் கலாசாலைகளுக்கு அஃது எட்டாக்கனி. இக்குறைகளையெல்லாம் மறைத்து, ஒளியே தெய்வத் தராசு என்று கூறுவாருடன் யாம் உடன்படோம். விக்டோரியாவில் மிகுந்து நின்ற அந்தப் பத்துப் பங்கை மறவாதிருத்தல் நலம்.

எனினும் இவற்றுள் எதுவும் எம் முடிவை மாற்றுவதன்று. சூத்திரத்தின் பிழையும் ஒளியின் பிழையும் ஒரே இயல்பின அல்ல. சூத்திரம் எல்லா மரத்தையும் ஒரு சராசரி மரமாகவே காண்கின்றது. மின்னலால் ஒரு கிளை இழந்த மரத்துக்கும், திறந்த வெளியில் நாற்புறமும் கை விரித்த மரத்துக்கும் விட்டம் ஒன்றாயின் விடையும் ஒன்று. ஒளியோ எதிரே நிற்கும் அந்த ஒரு மரத்தையே அளக்கின்றது. அதிற் பிழையிருப்பினும் அஃது அம்மரத்தின் அளவைப் பற்றிய பிழை. மீண்டும் அளந்து திருத்திக்கொள்ளலாம்.

இதனால் நம் அன்றாட வாழ்க்கையில் விளையும் வேறுபாடு யாது? ஒன்று கூறுவோம். பாதை அகலப்படுத்தவோ, கட்டடம் எழுப்பவோ ஒரு பெருமரத்தை வெட்டுவோர், அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நட்டுவிட்டோம் என்று மனஅமைதி கொள்வதைப் பலவிடத்தும் காண்கின்றோம். ஒன்றுக்குப் பத்து என்பது செவிக்கு இனிய கணக்கு. ஆனால் அது தலைக்கணக்கேயன்றி நிறைக்கணக்கன்று. மரத்தின் விட்டம் இரட்டித்தால் அதன் நிறை ஏறத்தாழ ஐந்தரை மடங்காகின்றது என்பது பல சூத்திரங்களுக்கும் பொதுவான போக்கு. இதன்படி, ஒரு மீட்டர் விட்டமுள்ள மரமொன்று ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள இளமரங்கள் ஏறத்தாழ 1,600க்கு ஈடாகும். பத்து இளமரங்கள் நூற்றில் ஒரு பங்கும் ஆகா. நட்ட கன்றோ ஐந்து சென்டிமீட்டரும் இராது. அதுவும் முதற்கோடையைத் தாண்டினாலன்றோ? இக்கணக்கும் சூத்திரக் கணக்கே. பெருமரங்களைச் சூத்திரம் குறைத்தே மதிக்கின்றது என்பதையும் மேலே கண்டோம். ஆகவே வெட்டப்பட்ட மரத்துக்கு நாம் இழைக்கும் அநீதி இக்கணக்கினும் பெரிதாதல் கூடும். கன்று நடுதலை யாம் மறுக்கவில்லை. கன்று நடுதல் நன்று. நட்டதனாற் கடன் தீர்ந்ததென்று எண்ணுதலையே மறுக்கின்றோம்.

ஆதலின் யாம் வேண்டுவன நான்கு. ஒன்று: பெருமரங்களுக்கு ஈடு கூறுமிடத்துத் தலையெண்ணிக்கையை விடுத்து, நிறையையும், அந்நிறை மீண்டும் சேர எடுக்கும் ஆண்டுகளையும் கூறவேண்டும். இரண்டு: வேறு காரணம்பற்றி ஒரு பெருமரம் வீழ்த்தப்பட்டே தீரவேண்டுமென்றால், அதனை முதலில் லேஸரால் அளந்து, பின்னர் அறுத்து எடைமேடையில் நிறுத்து, இரு கணக்கையும் யாவரும் அறிய வெளியிடவேண்டும். ஆராய்ச்சிக்கென்று புதிதாக மரம் கொல்லவேண்டுவதில்லை. சாகப்போகும் மரங்களே சாட்சி சொல்லட்டும். எம் புளியமரம் வீழ்ந்தபோது இவ்வறிவு எமக்கு இருந்ததாயின், பன்னிரண்டு டன்னும் விறகாகப் போனதோடு ஒரு பாடமும் எஞ்சியிருக்கும். மூன்று: எக்கணக்கை வெளியிடினும் அதன் பிழை எவ்வளவிருக்கலாம் என்பதையும் உடன் எழுதவேண்டும், பிழை கூறாத எண் பாதி எண்ணே. நான்கு: விலையுயர்ந்த கருவிகளைப் பல கலாசாலைகள் கூடிப் பொதுவில் வாங்கிப் பயன்படுத்தவேண்டும்.

மாணவ நண்பர்களே! கருவி வரும்வரை கைகட்டியிருக்கவேண்டுவதில்லை. ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். நம் வளவிலுள்ள மரங்களுக்கெல்லாம் எண் கொடுத்து, பெயர் எழுதி, ஆண்டுதோறும் ஒரு குறித்த நாளில் ஒரே உயரத்தில் சுற்றளவு அளந்து எழுதிவைப்பீர்களாயின், இருபது ஆண்டுகட்குப் பின் அவ்வேடு விலைமதிக்கவொண்ணாததாகும். 2020ஆம் ஆண்டு முதல் சில கைப்பேசிகளிலும் சிறு லேஸர்க் கருவி அமைந்து வருகின்றது. ஐந்து மீட்டர் தொலைவுக்குள் அடிமரத்தின் வடிவை அறிய அதுவும் உதவும். உதிர்ந்த கிளையில் ஒரு துண்டு அறுத்து, நீரில் அமிழ்த்திக் கன அளவு கண்டு, உலர்த்தி நிறுத்து அடர்த்தி காண்பது நம் ரசாயனசாலையில் ஒரு நாளைய வேலை. ஒளியால் அறியவொண்ணாத அடர்த்தியை அறிந்து சொல்லுவது உங்கள் கையிலுள்ளது என்பதை எண்ணுங்கள்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. மரத்தை நிறுக்கக் கற்றுக்கொண்டோம் என்பதனால் அதன் மதிப்பெல்லாம் நிறையில் அடங்கிற்று என்று கொள்ளலாகாது. நிழலுக்கு நிறையில்லை, கிளையிலிருந்து கூவும் குயிலுக்கு உயிர்த்திரட் கணக்கில் இடமில்லை, வழிப்போக்கன் விட்ட பெருமூச்சை எந்த லேஸரும் பதியாது. நிறை மிக்க மரம் காக்கத்தக்கது என்பதால் நிறை குறைந்தது வெட்டத்தக்கது என்று துணிதல் அறிவன்று. ஆயினும், அளவொன்றையே கேட்டு முடிவு செய்யும் சபைகளில் மரத்தின் சார்பாகப் பேசவேண்டின் திருத்தமான அளவோடு செல்லவேண்டும். இதுகாறும் நாம் அச்சபைகளுக்குக் கொண்டுசென்ற எண் பெருமரங்களுக்கு மாறாகவே சாட்சி சொல்லிற்று. இனி மெய்யான சாட்சியைக் கொண்டுசெல்லும் வழி பிறந்துள்ளது. புளியமரம் நின்ற இடத்தில் இப்போது வெயில் காய்கின்றது. அதன் பக்கத்தில் நிற்கும் வேம்பை இவ்வாண்டிலேனும் அளந்து எழுதுவோமாக.